ஏழு பட்டைப் பாய்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாம். ஜன்னல்ல உக்காந்தா மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்ணு பாத்துரும். என்ன காத்து, எவ்வளவு காத்துன்னு மனசு பாட்டுக்கு யோசிக்க ஆரம்பிச்சிரும். இன்னைக்கு எனக்கு அது ஆகாது.

மதுரையா போறீங்க? நான் காளையார்கோயில்ல எறங்கிருவேன். மக வீடு. வர்றேன்னு சொல்லல. பெத்த மக வீட்டுக்குப் போக என்ன சொல்லிட்டுப் போறது?

என் பேரு இன்னாசி. தொண்டிக்குத் தெக்க சோழகன்பட்டினம்னு ஒரு ஊரு, கடக்கரை ஊரு. இன்னைக்கு அங்க சந்தியாகப்பர் திருவிழா. காலையில பூசை முடிஞ்சதும் பாய்மரப் போட்டி. ஊரே கரையில நிக்கும். அப்பிடி ஒரு நாள்ல இந்த ஆளு ஏன் மேற்க பாத்துப் போற பஸ்ல உக்காந்திருக்கான்னு நீங்க கேக்கல. கேக்காததுக்கே உங்களுக்குச் சொல்லணும் போல இருக்கு. எங்க ஊர்ல சொல்றதுக்கு ஒரு ஆளு இல்ல தம்பி. எல்லாரும் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம்.

எம் பொண்டாட்டி என்னைக் காட்டிக் குடுத்துட்டா. அதான் விசயம். வேற ஒண்ணும் இல்ல.

சிரிக்காதீங்க. நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. சலேத்து அப்பிடிப்பட்டவ இல்ல. மாமன் மகதான். சின்ன வயசுலருந்து வா, போ, நீன்னுதான் எங்கிட்டப் பேசுவா. முப்பது வருசமா ஒரே வீட்டுல சோறு திங்கிறோம். அவளே அத்தனை பேரு முன்னாடி என்னைக் கவுத்தா.

போட்டின்னா எப்பிடின்னு சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்க ஊர்ல எல்லாப் படகும் ஒரே அளவு இல்ல. சின்ன வத்தை இருக்கு, பெரிய வத்தை இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா விட்டா பெருசுதான் ஜெயிக்கும். அதனால மூணு கொடி. முதல் கொடிக்குச் சின்னப் படகு கெளம்பும். கொஞ்ச நேரம் விட்டு ரெண்டாங் கொடி. கடைசிக் கொடிக்குப் பெரிய படகு. கடலுக்குள்ள எல்லைப் படகுன்னு ஒண்ணு கொடி கட்டி நிக்கும். அதைச் சுத்திக்கிட்டுத் திரும்பி வரணும். யாரு முதல்ல கரை தட்டுறானோ அவன் ஜெயிச்சான். எனக்கு எப்பவும் மூணாங் கொடி. அதுல எனக்கு வருத்தமே இல்ல. பெரிய படகு வச்சிருக்கவன் பின்னாடி நிக்கிறதுதான் முறை. நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன்.

அடுத்தது பாய். பாயின்னா காடாத்துணியைப் பட்டை பட்டையாத் தச்சுச் சேக்கிறது. இன்ன படகுக்கு இத்தனை பட்டைன்னு ஊர்ல ஒரு அளவு இருக்கு. பட்டை இவ்வளவு அகலம்னும் இருக்கு. எனக்கு ஒம்பது பட்டை. ஒம்பது பட்டையில நான் ஜெயிச்சேன். ஊரே தூக்கி வச்சு ஆடுச்சு. அடுத்த கூட்டத்துல மிக்கேல் எந்திரிச்சாரு. அவருதான் போட்டிக் கமிட்டித் தலைவரு. "ஜெயிச்ச படகு அடுத்த வருசம் ஒரு பட்டை குறைச்சுக்கணும். அப்பத்தான் எல்லாருக்கும் ஆசை இருக்கும்"னு சொல்றாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி. பரீட்சையில முதல்ல வந்த பிள்ளையை அடுத்த வருசம் ஒரு விரலைக் கட்டிக்கிட்டு எழுதச் சொல்லுவாங்களா?

நான் கேட்டேன். அங்கயே எந்திரிச்சுக் கேட்டேன். அதுக்கு மிக்கேலு, "சலேத்து, நீ என்னத்தா சொல்ற?"ன்னு எம் பொண்டாட்டியைக் கேக்குறாரு. ஏன் அவளைக் கேக்குறாருன்னா, ஊர்ல எல்லாப் பாயும் தைக்கிறது அவதான். இவ என்ன சொன்னா தெரியுமா? "நல்ல ரோசனைதான் மாமா. இல்லைன்னா ரெண்டு வருசத்துல எங்க வீட்டுப் படகு மட்டும்தான் ஓடும்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டேன், ஆனா மனசுல வச்சுக்கிட்டேன்.

எட்டுப் பட்டையிலயும் ஜெயிச்சேன். அப்ப ஏழாக்குனாங்க. ஏழுல நான் மூணாவதா வந்தேன்.

மூணாவது! படகு முன்பக்கம் அணியத்துல நின்ன பயலுக எல்லாம் கரையில எறங்கவே கூச்சப்பட்டானுக. ரெண்டு வருசம் தோத்தா ஒரு பட்டை திரும்பக் குடுப்போம்னு ஒரு விதி வச்சிருந்தாங்க. இன்னும் ஒரு வருசம் தோத்தாப் போதும். ஆனா தோக்கறதுக்குன்னு யாராவது படகு எறக்குவானா? என்னால முடியாது. நான் அப்பிடி வளரல.

அந்தக் குறி விசயத்தைச் சொல்லலையே. அதைச் சொல்லணும்.

முந்தியெல்லாம் போட்டியன்னைக்குக் காலையில கரையில வச்சுத்தான் பாயை அளப்பாங்க. ஒருத்தன் துணியை இழுத்துப் பிடிப்பான், இன்னொருத்தன் தளத்திப் பிடிப்பான். அடிதடி ஆயிரும். ஒரு வருசம் ஒருத்தனுக்கு மண்டை ஒடைஞ்சு, போட்டியே நின்னு போச்சு. அப்பறம் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தாங்க. சலேத்து அளந்து குறி போட்ட பாயை யாரும் மறுபடி அளக்க வேண்டாம்னு. அவ அப்பன் பாய் தச்சவரு, அவ கையில அளவு தப்பாதுன்னு ஊருக்கு ஒரு நம்பிக்கை. திருவிழாவுக்கு முந்தி எல்லாரும் எங்க வீட்டுக்குப் பாயைத் தூக்கிட்டு வருவானுக. இவ அளப்பா. சரியா இருந்தா கீழ் மூலையில செவப்பு நூல்ல சின்னதா ஒரு சிப்பி தைப்பா. விரல் நகம் அளவுதான் இருக்கும். அது இருந்தாப் போதும். மிக்கேலு மூலையைத் திருப்பிப் பாத்துட்டு, சரி போன்னுருவாரு.

எனக்குப் பெருமைதான் தம்பி. இல்லைன்னு சொல்லல. எம் பொண்டாட்டி தையலுக்கு ஊரு கட்டுப்படுதுன்னா எனக்குத்தானே பெருமை?

போன வருசம் ஒரு மீன் ஏவாரி பரிசுக்கு எஞ்சின் தர்றேன்னாரு. புது எஞ்சின். அதுவரைக்கும் குத்துவிளக்கு, அண்டா, இப்பிடித்தான். எஞ்சின்னதும் கடக்கரையே சூடாயிருச்சு. எங்கிட்ட ஒரு எஞ்சின் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ஆனா பழசு. நாலு தடவ கயித்தை இழுத்தாத்தான் பிடிக்கும். பங்கிராசுன்னு எங்க ஊருக்காரன் ஒருத்தன், அவனுக்கு அதுவும் இல்ல, புயல்ல போயிருச்சு. வெறும் பாயை வச்சு நண்டு வலைக்குப் போய்க்கிட்டு இருந்தான். அதை வச்சு அப்பவே ஊர்ல ஒரு பேச்சு, பங்கிராசுக்குக் கெடைச்சா நல்லா இருக்கும்னு. போட்டின்னா போட்டிதானே? இரக்கப்பட்டுக் குடுக்கிறதா இருந்தா நேரா வீட்டுல கொண்டு போய்க் குடுத்துற வேண்டியதுதானே, எதுக்குக் கொடி?

நான் கோட்டைப்பட்டினம் போய் ஒரு பாய் தச்சேன். ஏழு பட்டைதான். எண்ணிக்கங்க, ஏழுதான். விதி என்ன சொல்லுது? ஏழு பட்டைன்னு சொல்லுது. என்ன, அங்க துணி கொஞ்சம் அகலமாக் கெடைச்சுச்சு. நானா துணியை இழுத்து அகலமாக்குனேன்? ஏழையும் சேத்துப் பாத்தா ஒம்பது பட்டை அளவு வந்துச்சு. எங்கிட்ட இருந்து புடுங்குன ரெண்டு பட்டைதான் தம்பி அது. நான் புதுசா ஒண்ணும் எடுத்துக்கல. எடுத்ததைத் திரும்ப எடுத்துக்கிட்டேன். புதுத்துணின்னு பளிச்சுன்னு தெரியக் கூடாதுன்னு சேத்துத் தண்ணியில ஊறப் போட்டுக் காய வச்சேன்.

குறி வேணுமே. சலேத்துகிட்டக் கொண்டு போனா அளப்பா. அளந்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். ஏற்கெனவே அவ அளந்து குறி போட்டு வச்ச என்னோட பழைய ஏழு பட்டைப் பாய் வீட்டுல இருந்துச்சு. அந்த மூலையை வெட்டி இந்த மூலையில வச்சுத் தச்சேன். அவ்வளவுதான். அவ போட்ட குறி, என் பாய்க்குப் போட்ட குறி. என் பாய்லருந்து என் பாய்க்கு மாத்துனேன். அடுத்தவன் வீட்டுல போயா எடுத்தேன்? இதுல திருட்டு எங்க இருக்கு?

இந்தா, டிக்கெட்டு கேக்குறாரு பாருங்க. காளையார்கோயில் ஒண்ணு.

இந்நேரம் அங்க முதல் கொடி எறங்கியிருக்கும். இருக்கட்டும். நமக்கென்ன.

போட்டியன்னைக்குக் காத்து எப்பிடிங்கிறீங்க! கச்சான். கரையிலருந்து கடலைப் பாத்து அடிக்கும். போறப்ப முதுகுக் காத்து, திரும்புறப்ப எதிர்க்காத்து. மிக்கேலு ஒவ்வொரு பாயா மூலையைத் திருப்பிப் பாத்துக்கிட்டு வந்தாரு. எங்கிட்ட வந்தாரு. சிப்பியைப் பாத்தாரு. "சரி போ"ன்னாரு. சொல்லி முடிக்கல, எனக்கு வேர்த்துப் போச்சு. சந்தோசத்துல.

மூணாங் கொடிக்குக் கெளம்புனோம். நாங்க நாலு பேரு. பாயை ஏத்துனதும் படகு என்ன பண்ணுச்சு தெரியுமா? நின்ன எடத்துலருந்து துள்ளுச்சு. எல்லைப் படகுகிட்டப் போறதுக்குள்ள மத்த படகு அத்தனையும் எங்களுக்குப் பின்னாடி. பங்கிராசு மட்டும் முன்னாடி போறான். சின்ன வத்தை, அவனும் அவன் தம்பியும் இன்னொருத்தனும். எல்லையைச் சுத்துனோம். எதிர்க்காத்துல படகு சாயுது. பலகையை வெளிய நீட்டி ரெண்டு பேரு அதுல ஏறி உக்காந்தானுக. தண்ணி மூஞ்சியில அடிக்குது. நான் சுக்கானைப் பிடிச்சிருக்கேன். நாப்பது வருசமா கடலுக்குப் போறேன், அப்பிடி ஒரு ஓட்டம் ஓடுனதில்ல தம்பி. இப்ப நினைச்சாலும் உள்ளங்கை குறுகுறுன்னு இருக்கு.

கரை தெரியறப்ப பங்கிராசைத் தாண்டுனேன். அவன் காத்தை மறிச்சுக்கிட்டுத் தாண்டுனேன். அதுவும் முறைதான், போட்டியில செய்யறதுதான். தாண்டுறப்ப அவன் என்னைப் பாக்கல. என் பாயைப் பாத்தான். மேலருந்து கீழ வரைக்கும் பாத்தான்.

கரை தட்டுனேன். வேட்டு போட்டானுக. தூக்குனானுக. எஞ்சினை ஒரு மேசையில வச்சு மாலை போட்டு வச்சிருந்தாங்க, பொண்ணு மாதிரி. நான் அதைத் தொட்டுப் பாத்தேன்.

அப்ப பங்கிராசு நனைஞ்ச உடம்போட வந்து நிக்கிறான். "மாமா, அந்தப் பாயை அளந்து பாருங்க"ன்னு மிக்கேலுகிட்டச் சொல்றான். சத்தம் கூடப் போடல. மிக்கேலு, "குறி இருக்குப்பா, நான் பாத்துத்தான் விட்டேன்"னாரு. "குறி இருக்கு மாமா. ஆனா ஏழு பட்டை அப்பிடி ஓடாது"ன்னான் அவன்.

அதோட விட்டிருப்பாங்க. விதி இருக்குல்ல, குறி இருந்தா அளக்கக் கூடாதுன்னு. ஆனா அவன் பொண்டாட்டி பவுலின் விடல. அவளுக்கும் சலேத்துக்கும் பேச்சு வார்த்தை கெடையாது. எம் மக கல்யாணப் பேச்சு நடந்தப்ப பவுலின் ஏதோ சொல்லிப்புட்டான்னு ஆறு வருசமா ஒருத்தி மூஞ்சியில ஒருத்தி முழிக்க மாட்டாளுக. பவுலின் மணல்ல நின்னுக்கிட்டுக் கத்துறா. "அவ புருசன் படகுக்கு அவளே குறி போட்டா அது என்ன குறி? இத்தனை வருசமா எங்களை எல்லாம் முட்டாளாக்கி வச்சிருக்கா. ஊருக்கு ஒரு அளவு, வீட்டுக்கு ஒரு அளவு!"

எனக்குக் கோபம் வந்துச்சு. எம் பொண்டாட்டியைப் பத்தி அப்பிடிச் சொல்லலாமா? "வாயை மூடு பவுலின்! சலேத்து குறி போட்டாப் போட்டதுதான். அவ நேர்மையை யாரும் கேள்வி கேக்கக் கூடாது"ன்னு நான்தான் சத்தம் போட்டேன். நான்தான் தம்பி. அவளுக்காகப் பேசுனது நான் ஒருத்தன்தான். அதை இன்னைக்கு வரைக்கும் அவ ஒரு வார்த்தை சொல்லல.

சலேத்து பொம்பளைங்க கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தா. மிக்கேலு கூப்பிட்டாரு. "இந்தாத்தா, வா. இது நீ போட்ட குறிதானே? ஒரு வார்த்தை சொல்லிரு, பிரச்சனை முடிஞ்சிரும்."

கவனிங்க தம்பி. அவரு கேட்டது என்ன? குறி உன்னோடதான்னு கேட்டாரு. ஆமான்னா முடிஞ்சது. ஆமாங்கிறது பொய்யும் இல்ல. அவ பொய் சொல்லணும்னு நான் நினைக்கல, அவளைப் பாவத்துல தள்ளணும்னு நினைக்கல. உண்மையைச் சொன்னாலே போதும்ங்கிற மாதிரி அந்த ஆண்டவரே வழி பண்ணிக் குடுத்தாரு.

அவ வந்தா. பாய் மணல்ல கெடந்துச்சு. மூலையை எடுத்துப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா. நான் கண்ணைக் காட்டுனேன். ஆமான்னு சொல்லுன்னு. அவ அந்த மூலைத் தையலை விரலால ஒருக்கா தடவுனா.

"குறி என்னோடது மாமா"ன்னா. எனக்கு உசிரு வந்துச்சு.

"பாய் என்னோடது இல்ல"ன்னா.

அவ்வளவுதான். அளந்தாங்க. அளக்கறப்ப துணியை இழுத்துப் பிடிக்க ஒரு பக்கம் ஆளு வேணும்ல, அதை அவளே பிடிச்சா. இழுக்காம, தளத்தாம, சரியாப் பிடிச்சா.

எஞ்சினை எடுத்துப் பங்கிராசு படகுல வச்சாங்க. எனக்கு ரெண்டு வருசம் போட்டி கெடையாதுன்னு எழுதிட்டாங்க. என் படகுல வந்த மூணு பேரும், எங்களுக்குத் தெரியாது, அவரு குடுத்த பாயை ஏத்துனோம்னு சொல்லிட்டானுக. ஒருத்தன் என்னோட சேந்து அந்தத் துணியைச் சேத்துல மிதிச்சவன் தம்பி! அதே காலோட நின்னுக்கிட்டு தெரியாதுங்கறான். இருக்கட்டும். அவனுக அந்நியனுக. நான் அவனுகளைச் சொல்லல.

நான் கேக்கறது ஒண்ணுதான். பங்கிராசு அவளுக்கு யாரு? தம்பியா? தம்பின்னா சரி, ரத்தம் பேசுச்சுன்னு விட்டிருவேன். சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. அவன் பொண்டாட்டி இவளை நடுக்கரையில நிக்க வச்சு அவ்வளவு கேவலமாப் பேசுனா. அப்பிடிப் பேசுனவளுக்குப் போயி எஞ்சினைத் தூக்கிக் குடுக்கறா! வருசம் முழுசும் யோசிச்சுப் பாத்துட்டேன். அவளுக்கு அதுல என்ன லாபம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

வீட்டுக்கு வந்தா. சோறு போட்டா. திருவிழாக் கறிச் சோறு. நான் தட்டைத் தள்ளிட்டேன். "ஏண்டி, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிருமா?"ன்னு கேட்டேன். அவ வேற ஒண்ணு கேட்டா.

"எப்ப வெட்டுன?"

எதைன்னேன்.

"மூலையை. எனக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருந்தேனே, அன்னைக்கா?"

அன்னைக்குத்தான். ராமநாதபுரத்துல ஆபரேசன் முடிஞ்சு கூட்டிட்டு வந்து கட்டில்ல போட்டிருந்தேன். ஒரு கண்ணுலதான் கட்டு. ஆனா ரெண்டையும் மூடிக்கிட்டு அசையாமப் படுக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அவளை நான்தான் பாத்துக்கிட்டேன். கஞ்சி காச்சிக் குடுத்தேன், மருந்து ஊத்துனேன். எந்த ஆம்பளை செய்வான், சொல்லுங்க? அதுக்கு நடுவுலதான் அந்த வேலையையும் முடிச்சேன். வேற எப்ப செய்ய முடியும், அவ எந்நேரமும் பாயும் கையுமா வீட்டுலயே உக்காந்திருந்தா?

"கத்திரிச் சத்தம் கேட்டுச்சு. என்ன வெட்டுறேன்னு நான் கேட்டேன். நீ கயிறுன்னு சொன்ன"ன்னா.

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"ன்னேன்.

"ஒண்ணும் இல்ல. கயிறுன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்"னா.

அழுகல. சண்டை போடல. தட்டைக் கழுவி வச்சிட்டுப் படுத்துட்டா. மறுநாள் காலையில எழுப்புறா. "எந்திரிங்க, காப்பி ஆறுது"ன்னா.

எந்திரிங்க!

முதல்ல நான் கவனிக்கல தம்பி. அப்பறம் பாத்தா, வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, வலைக்குப் போகலையா. முப்பது வருசமா வாடா போடான்னு சொல்லாத கொறையாப் பேசுனவ. பக்கத்து வீட்டுக்காரங்க, சலேத்து இப்பத்தான் புருசனுக்கு மரியாதை குடுக்கறான்னு சொல்றாங்க. நானும் ஆமான்னு சொல்லிக்கிட்டேன். ஆனா வீட்டுக்குள்ள அந்த "ங்க"வைக் கேக்கறப்ப, ஏதோ பஞ்சாயத்து ஆபீசுல நிக்கிற மாதிரி இருக்கு. ஏண்டி இப்பிடிப் பேசறேன்னு கேட்டா, "எப்பிடிப் பேசறேன், சரியாத்தானே பேசறேன்"ங்கறா.

நான் என்ன நினைச்சேன்னா, இனிமே ஊர்ல இவகிட்டப் பாய் தைக்க எவனும் வர மாட்டான், இவளுக்கும் புத்தி வரும்னு நினைச்சேன். புருசன் மானத்தை வாங்குனவகிட்ட யாரு வருவா? ஆனா பாருங்க, முன்னைக்கு இப்ப கூட்டம் அதிகம். தெக்கருந்தெல்லாம் ஆளு வர்றான். ஆனா ஒண்ணு, வீட்டுல வச்சு அளக்க மாட்டேன்னுட்டா. பாயைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லி அங்க வச்சுத்தான் அளக்கறா, எல்லாரும் பாக்க. குறியையும் அங்கயே உக்காந்துதான் தைக்கறா. என் வீட்டை நம்பலையாம். நான் கட்டுன வீடு தம்பி.

போன வாரம் மிக்கேலு வந்தாரு. எனக்கு இருந்த கோவத்துக்கு அவருக்கு நாற்காலி கூடப் போடல. இவதான் போட்டா. "சலேத்து, இந்த வருசம் எல்லைப் படகுல நீ உக்காரணும். யாரு எல்லையைச் சுத்தாமக் குறுக்க திரும்பறான்னு கரையிலருந்து தெரிய மாட்டேங்குது. நீ சொன்னா எல்லாரும் ஒத்துக்குவானுக"ன்னாரு. இவ கொஞ்சம் யோசிச்சா. "எனக்குக் கடல் பழக்கம் இல்ல மாமா. சுக்கானுக்கு நல்ல ஆளா வேணும்"னு சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாக்கறா.

"நீங்க வர்றீங்களா?"ன்னா. "போட்டிக்குத்தான் உங்களை விடமாட்டாங்க. எல்லைப் படகுக்கு வரலாம். கச்சான்ல ஒரே எடத்துல படகை நிறுத்தி வைக்க உங்களை விட்டா ஊர்ல ஆளு இல்ல."

மிக்கேலு முன்னாடி வச்சுச் சொல்றா. அவரும் தலையை ஆட்டறாரு.

பாத்தீங்களா? என்னைக் காவக்காரனாக்கப் பாக்கறாங்க. நான் ஓட்டுன கடல்ல நானே நங்கூரத்தைப் போட்டு உக்காந்துக்கிட்டு, மத்தவன் ஓட்டுறதை வேடிக்கை பாக்கணுமாம். அவமானம் பண்றதுக்குக் கூட ஒரு அளவு வேணும்ல? முடியாதுன்னுட்டேன். இவ திரும்பக் கேக்கல. சரின்னுட்டா. கேட்டிருந்தா ஒருவேளை… இல்ல, கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

காலையில நான் சட்டையை மாட்டறப்ப அவ பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா. எங்க போறீங்கன்னு கேட்டா. மக ஜெனிட்டா வீட்டுக்குன்னேன். எப்ப வருவீங்கன்னா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்தேன். வாசல்ல பாத்தா, யாரு நிக்கிறா தெரியுமா? பவுலின்! தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, கையில தண்ணிக் கேனோட. "நேரமாச்சு சலேத்து, வா"ங்கறா. எல்லைப் படகுக்குத் தொணைக்கு அவ போறாளாம். ஆறு வருசப் பகையை ரெண்டு பேரும் எப்ப முடிச்சாளுக, யாரைக் கேட்டு முடிச்சாளுகன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் அவ மேல பகையை இன்னும் அப்பிடியே வச்சுக்கிட்டு இருக்கேன், இவளுக்காக!

மகளுக்குப் போன் பண்ணி இதெல்லாம் அப்பவே சொன்னேன். அவ, "அம்மா பண்ணது சரிதானேப்பா"ன்னுட்டு வச்சிட்டா. போன்ல சொன்னா அப்பிடித்தான் இருக்கும். நேர்ல உக்காத்தி வச்சு, முதல்லருந்து சொன்னா அவளுக்குப் புரியும். அதுக்குத்தான் போறேன். இப்ப உங்களுக்குச் சொன்னேன்ல, இதே மாதிரி.

உங்களுக்குப் புரிஞ்சிச்சுல்ல?

என்ன, ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க.

சரி விடுங்க. நீங்க வெளியூரு. கடல் விசயம் உங்களுக்குப் பிடிபடாது.

வந்துருச்சா காளையார்கோயில்? இன்னும் இல்லையா. இந்நேரம் போட்டி முடிஞ்சிருக்கும். கடைசிப் படகும் கரைக்கு வந்திருக்கும். மூணாங் கொடியில இந்த வருசம் பெரிய படகு மூணுதான். அதுல ஒருத்தனுக்குக் கச்சான்ல பாய் மாத்தவே தெரியாது. முதல் கொடியில ஒரு பய இருக்கான், வாட்டமான படகு, அவன் மட்டும் எல்லையை ஒட்டித் திருப்பியிருந்தா… எனக்கு எதுக்கு. என்னமோ பண்ணட்டும்.

இருங்க. என் போனா அடிக்குது?

அவதான். பாருங்க, சலேத்துன்னு வருது. எல்லைப் படகுலருந்து எறங்குனதும் எனக்குத்தான் அடிக்கறா. எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். ஒரு வருசமா எங்கிட்ட மனுசியாப் பேசாதவ, இப்ப எதுக்கு அடிக்கறா?

நின்னு போச்சு. போகட்டும்.

…திரும்ப அடிக்கறா.

தம்பி, இந்தாங்க. பிடிங்க. அந்தப் பச்சையை அழுத்துங்க. நீங்க பேசுங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன், அவரு தூங்கறாருன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, யாரு ஜெயிச்சான்னு மட்டும் கேளுங்க.

நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிறாதீங்க.